ஒன்று ஏன் மேல் வரிசையில் இருக்கிறது? தொலைபேசி எண்பலகை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுப் பொருள்

கால்குலேட்டரில் 1, 2, 3 ஆகிய எண்கள் கீழே இருக்கின்றன. தொலைபேசியில் அதே எண்கள் உச்சி வரிசையில் இருக்கின்றன. கணினி விசைப்பலகையின் வலப்பக்கத்தில் உள்ள எண்தொகுதியும் கால்குலேட்டரையே பின்பற்றுகிறது. ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டையும் பயன்படுத்துகிறார். அப்படியிருந்தும் இரண்டு ஏற்பாடுகளும் பல பத்தாண்டுகளாக ஒன்றோடொன்று சமரசம் செய்துகொள்ளவே இல்லை.

இந்த முரண்பாட்டுக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. கால்குலேட்டரைப் போலவே எண்கள் அடுக்கப்பட்ட பழைய கூட்டல் இயந்திரத்தில் கைபழகிய எழுத்தர்கள் மின்னல் வேகத்தில் எண்களை அழுத்தினால், அழைப்புகளை இணைத்துவிடும் தொலைபேசி இணைப்பகம் திணறிப்போகும் என்று அஞ்சி, அவர்களைத் தடுமாற வைப்பதற்காகவே வரிசையைத் தலைகீழாக்கினார்கள் என்பது அந்த விளக்கம். கேட்பதற்குச் சுவையாக இருந்தாலும், தொழில்நுட்ப நோக்கில் அது நிற்காது. எண்களை வாங்கிப் பதிவுசெய்யும் கருவிகள் இணைப்பகத்தில் எல்லாச் சந்தாதாரர்களுக்கும் பொதுவானவை. ஒருவர் எவ்வளவு சீக்கிரம் எண்ணை முடிக்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் அந்தக் கருவி அடுத்தவருக்குக் கிடைக்கும். ஆகவே வாடிக்கையாளர் வேகமாக அழுத்துவது நிறுவனத்துக்கு ஆதாயமே தவிர ஆபத்து இல்லை. பொத்தான் தொலைபேசி உருவாக்கப்பட்டதற்கான காரணங்களில் இந்த வேகமும் ஒன்று.

அப்படியானால் உண்மையில் நடந்தது என்ன? அதைச் சொல்வதற்குப் பொத்தானிலிருந்து தொடங்காமல், அதற்கு முன்பு இருந்த சுழலும் டயலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இன்றைய 12 பொத்தான்களில் பாதி விஷயம் அந்த டயல் விட்டுச்சென்றது என்பதே இந்த ஆய்வின் முடிவு. மீதிப் பாதி, மனிதர்களை உட்காரவைத்து அளந்து பார்த்ததால் வந்தது.

டயலுக்கு முன்பே பொத்தான் இருந்தது

தானியங்கித் தொலைபேசி இணைப்பகத்துக்கான காப்புரிமையை 1891 மார்ச் 10 அன்று பெற்ற ஆல்மன் ஸ்ட்ரௌஜர் பொறியாளர் அல்லர். அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைத் தொழிலாகச் செய்துவந்தவர். போட்டியாளர் ஒருவரின் மனைவி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்ததாகவும், தனக்கு வரவேண்டிய அழைப்புகளை அவர் தன் கணவருக்குத் திருப்பிவிட்டதாகவும், அந்த ஆத்திரத்தில்தான் ஆபரேட்டரே தேவைப்படாத இணைப்பகத்தை ஸ்ட்ரௌஜர் கண்டுபிடித்ததாகவும் ஒரு கதை காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. கதையின் நுணுக்கங்கள் சொல்பவருக்கு ஏற்ப மாறுகின்றன என்பதால் அதை அளவோடுதான் நம்ப வேண்டும். காப்புரிமையும், 1892 நவம்பர் 3 அன்று இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் திறக்கப்பட்ட முதல் வணிகத் தானியங்கி இணைப்பகமும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மைகள்.

லா போர்ட் சந்தாதாரர்களின் கருவியில் டயல் கிடையாது, அழுத்தும் விசைகளே இருந்தன. 57 என்ற எண்ணை அழைக்க வேண்டுமானால் பத்தாம் இடத்துக்குரிய விசையை ஐந்து முறையும், ஒன்றாம் இடத்துக்குரிய விசையை ஏழு முறையும் அழுத்த வேண்டும். எத்தனை முறை அழுத்தினோம் என்ற கணக்கை மனிதர்தான் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்குத் தவறிவிடும். ஒவ்வொரு கருவிக்கும் பல கம்பிகளை இழுக்க வேண்டியும் இருந்தது. 1896 வாக்கில் ஸ்ட்ரௌஜரின் நிறுவனத்துப் பொறியாளர்கள் இந்தக் கணக்கிடும் வேலையை ஒரு சுழலும் வட்டிடம் ஒப்படைத்தார்கள். தொலைபேசி பொத்தானிலிருந்து டயலுக்குப் போய், அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மறுபடியும் பொத்தானுக்குத் திரும்பியது என்ற வரிசை பலருக்கும் வியப்பளிக்கக்கூடும்.

டயல் செய்யும் வேலை எளிமையானது. விரலை நுழைத்துச் சுற்றும்போது ஒன்றும் நடப்பதில்லை. உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கேறுகிறது, அவ்வளவுதான். விரலை எடுத்ததும் வட்டு திரும்பி வரும்போதுதான் எண் அனுப்பப்படுகிறது. வேகத்தைச் சீராக்கும் சிறிய கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று வட்டை ஒரே நிதானத்தில் திரும்ப வைக்க, இணைப்பகத்துக்குச் செல்லும் மின்னோட்டம் வினாடிக்குச் சுமார் பத்து முறை என்ற கணக்கில் துண்டிக்கப்பட்டு மீண்டும் சேர்கிறது. 3 என்றால் மூன்று துண்டிப்பு, 9 என்றால் ஒன்பது, 0 என்றால் பத்து. மறுமுனையில் ஸ்ட்ரௌஜர் தேர்வுக் கருவியின் கரம் ஒவ்வொரு துண்டிப்புக்கும் ஒரு படி மேலே ஏறும். அடுத்த எண்ணுக்கு அதே கரம் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகச் சுழலும். பத்து மாடி, மாடிக்குப் பத்து முனை, ஆக ஒரு கருவி நூறு இணைப்புகளை எட்டும். இந்த ஏற்பாட்டில் எண்ணின் மதிப்பு என்பது அதை அனுப்ப ஆகும் நேரம்தான். சிறிய எண் சீக்கிரம் முடியும். பெரிய எண் காத்திருக்க வைக்கும். சுழியம் எல்லாவற்றையும் விட மெதுவானது.

நேரத்தின் விலை

எண்ணுக்கு நேரம் செலவாகும் என்ற இந்த ஒரே உண்மை, பின்னாளில் எங்கெங்கோ போய் எதிரொலித்தது. 1947-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி, எண்ணுக்கு முன்னே சேர்க்கும் மூன்று இலக்கப் பகுதிக் குறியீடுகள் 86-ஐ வட அமெரிக்காவுக்கு வகுத்தபோது, நியூயார்க் நகரத்துக்கு 212, லாஸ் ஏஞ்சலஸுக்கு 213, சிகாகோவுக்கு 312 என்று ஒதுக்கியது. வரைபடத்தில் இவை அக்கம்பக்கத்து ஊர்கள் அல்ல. அதிக அழைப்புகள் போகும் நகரங்களுக்கு மிகக் குறைந்த துடிப்புகள் (அதாவது முன்பு சொன்ன துண்டிப்புகள்) கொண்ட எண்கள் தரப்பட்டன என்பதே இந்த ஒதுக்கீட்டின் தருக்கம். 212-ஐ அனுப்ப ஐந்து துடிப்புகள் போதும். பின்னர் அலாஸ்காவுக்குக் கிடைத்த 907-க்கு 26 துடிப்புகள் தேவை, ஏனென்றால் நடுவில் உள்ள சுழியம் மட்டுமே பத்து. டயல்கள் மறைந்து வெகுகாலம் ஆன பிறகும் 212 என்பது நியூயார்க்கில் ஒரு பெருமைக்குரிய எண்ணாகவே இருக்கிறது. அந்தப் பெருமையின் அடியில் இருப்பது ஒரு சுருள்வில்லின் கணக்கு.

அவசர அழைப்பு எண்களின் கதை இதைவிட நுட்பமானது. லண்டனில் 1937-இல் அவசர அழைப்புக்கு 999 என்ற எண் கொண்டுவரப்பட்டது. விரைவாக அனுப்பலாம் என்று பார்த்தால் 111 அல்லவா பொருத்தமாக இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்து வெளிக் கம்பிகள் காற்றில் ஒன்றோடொன்று உரசினாலே ஒற்றைத் துடிப்புகள் உண்டாகிவிடும். 111-ஐ வைத்திருந்தால் புயல் வீசும் ஒவ்வொரு இரவும் யாருமே அழைக்காத அவசர அழைப்புகள் குவிந்திருக்கும். 9 என்ற எண்ணைத் தேர்ந்ததில் இன்னொரு வசதியும் இருந்தது: காசு போடாமலேயே 0 சுழற்றி ஆபரேட்டரை அழைக்கும்படி பொதுத் தொலைபேசிகள் ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்ததால், அதற்குப் பக்கத்தில் இருந்த 9-க்கும் அந்தச் சலுகையை விரிவுபடுத்துவது எளிதாயிற்று. நியூசிலாந்தில் டயலின் எண்கள் எதிர்த்திசையில் பொறிக்கப்பட்டிருந்தன. அங்கே 1 சுழற்றினால் ஒன்பது துடிப்புகள் போகும். ஆகவே 1950களின் பிற்பகுதியில் அந்த நாடு தேர்ந்தெடுத்த 111 என்ற அவசர எண், மின்னோட்டத்தின் கண்ணுக்கு 999-ஆகவே தெரிந்தது.

எண்களோடு ஒட்டியிருக்கும் ஆங்கில எழுத்துகளும் டயல் காலத்து மரபுரிமைதான். இணைப்பகப் பெயர்களின் முதல் எழுத்துகளை எண்ணோடு சேர்த்து டயல் செய்யும் முறையை ஏடி அண்ட் டி-யின் வில்லியம் ப்ளாவெல்ட் 1917-இல் வகுத்தார். 1-இல் எழுத்து வைக்கவில்லை; ரிசீவரைத் தெரியாமல் தட்டினாலே ஒரு துடிப்பு போய்விடும் என்பதால் எந்த எண்ணையும் 1-இல் தொடங்க விடுவதில்லை. 0 ஆபரேட்டருக்குப் போனது. மிஞ்சிய எட்டு எண்களுக்கு மும்மூன்று எழுத்துகள் என்றால் 24 தான் வரும்; ஆகவே அரிதாகப் பயன்படும் க்யூ, இஸட் இரண்டும் கழிக்கப்பட்டன. பிற்காலத்தில் அவற்றைத் திரும்பச் சேர்த்தபோது 7-க்கும் 9-க்கும் நான்கு எழுத்துகள் ஆயின. பொத்தான் கைபேசியில் குறுஞ்செய்தி எழுதியவர்கள் எஸ் என்ற எழுத்துக்காக 7-ஐ நான்கு முறை அழுத்தியது, 1917-இல் விடப்பட்ட அந்த இடைவெளியை அடைத்ததன் விளைவு.

மனிதர்களை அளந்த ஆய்வகம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல், தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜான் கார்லின் என்ற உளவியலாளர் ஏடி அண்ட் டி-யின் ஆய்வு அமைப்பான பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். வயலின் கலைஞராகவும் இருந்த அவர், கருவியை மனிதனுக்கு ஏற்ப அமைப்பது எப்படி என்று ஆராயும் பிரிவை அங்கே வளர்த்தெடுத்தார். பொறியாளர்கள் நிறைந்த ஓரிடத்தில் ஓர் உளவியலாளருக்கு என்ன வேலை என்பதற்கு வெண்புள்ளிகளின் கதை நல்ல சான்று. 1949-இல் வந்த 500 வகைத் தொலைபேசியில், எண்கள் விரல் துளைகளுக்குள் இல்லாமல் வட்டுக்கு வெளியே பெரிதாக அச்சிடப்பட்டிருந்தன. எண்கள் இன்னும் தெளிவாகத் தெரிவதால் வேகம் கூடும் என்று எதிர்பார்த்தார்கள், குறைந்தது. வட்டு திரும்பி வந்துகொண்டிருக்கும்போது விரல் அடுத்து எங்கே இறங்க வேண்டும் என்று கண் தேடுகிறது, துளைக்கு அடியில் பார்வை பற்றிக்கொள்ள எதுவும் இல்லை என்று கண்டறிந்து, ஒவ்வொரு துளைக்கும் கீழே ஒரு சிறு வெண்புள்ளியை வைக்கச் செய்தார்கள். போன வேகம் திரும்பி வந்தது.

கார்லினைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லப்படுவதுண்டு. ரிசீவர் கம்பி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று அறிவதற்காக, உடன் வேலை செய்தவர்களின் கம்பியை அவர்களுக்குத் தெரியாமல் ஒவ்வொரு அங்குலமாகக் குறைத்துக்கொண்டே வந்தாராம். ஓர் அடி முழுவதும் குறையும்வரை யாரும் கவனிக்கவில்லை. கேட்டால் எல்லோரும் நீளமான கம்பியே வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்பதால், கேட்காமல் அளந்தது சரியான முறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பொத்தான் வரிசை பற்றிய கேள்வியும் இதே மனப்பாங்கோடுதான் அணுகப்பட்டது. 1955-இல் வெளிவந்த லட்ஸ், சபானிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரின் ஆய்வு, பத்து வெற்றுப் பொத்தான்களின் படத்தைக் காட்டி, எந்த எண் எங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று மக்களைக் கேட்டது. பெரும்பாலோர் பக்கத்தைப் படிப்பது போல இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக நிரப்பினார்கள். அப்போது கூட்டல் இயந்திரத்தின் பத்து விசை வரிசை புதியது அல்ல; டேவிட் சன்ட்ஸ்ட்ராண்ட் 1914-இல் வடிவமைத்த 7, 8, 9 மேலே உள்ள ஏற்பாடு அலுவலகங்களில் நிலைபெற்றிருந்தது. ஆனால் அலுவலகங்களுக்கு வெளியே அந்த இயந்திரத்தைத் தொட்டவர்கள் சிலரே. தொலைபேசியோ வீட்டுக்கு வீடு போகும் பொருள்.

பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் டைனிங்கர் 1960 ஜூலையில் வெளியிட்ட கட்டுரை இந்தக் கேள்வியைச் சோதனைக்கு உட்படுத்தியது. பழைய டயல் போன்ற வட்டம், ஐந்தைந்தாக இரண்டு கிடைவரிசை, இரண்டு செங்குத்து வரிசை, கூட்டல் இயந்திரத்தின் வரிசை, படிக்கும் வரிசையில் மூன்றுக்கு மூன்று என்று பல ஏற்பாடுகளைக் கருவியாகவே செய்து, ஆட்களைக் கொண்டு எண்களை அழுத்தச் செய்து, நேரத்தையும் பிழையையும் விருப்பத்தையும் பதிவு செய்தார்கள். பொத்தானின் அளவு, அது எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும், எவ்வளவு விசை கொடுத்து அழுத்த வேண்டும் என்பவையும் சோதிக்கப்பட்டன. இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசுவோர் பலர் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு: வேகத்திலும் பிழையிலும் ஏற்பாடுகளுக்கு இடையே இருந்த வேறுபாடுகள் சிறியவை. எந்த ஒன்றும் மற்றவற்றைப் புரட்டிப்போடும் அளவுக்கு வெல்லவில்லை. 1, 2, 3 மேலே உள்ள மூன்றுக்கு மூன்று ஏற்பாடு நன்றாகச் செயல்பட்டது, மக்களுக்கு எளிதாகப் பட்டது, கருவியின் முகப்பில் கச்சிதமாக அடங்கியது, உள்ளே அமையவிருந்த மின்சுற்றுக்கும் ஒத்துப்போனது. எல்லா வகையிலும் போதுமானதாக இருந்ததால் அது தேர்வாயிற்று. கூட்டல் இயந்திரக்காரர்களைத் தடுமாற வைக்கும் சதி எதுவும் இதில் இல்லை. அவர்களை முன்னிட்டு மற்ற எல்லோருக்கும் பழக்கமில்லாத வரிசையைத் தர யாரும் விரும்பவில்லை என்பதே சரியான வாசிப்பு.

ஒரு பொத்தான், இரண்டு ஒலிகள்

மூன்றுக்கு மூன்று கட்டம் மின்சுற்றுக்கு ஒத்துப்போனது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். துண்டித்துச் சேர்க்கும் துடிப்புகளால் நெடுந்தொலைவு போக முடியாது. வழியில் உள்ள மின்மாற்றிகளும் ஒலிபெருக்கும் கருவிகளும் பேச்சைக் கடத்துமே தவிர நேர்மின்னோட்டத் துடிப்புகளைக் கடத்தா. எண்ணையும் ஒலியாகவே அனுப்பினால் குரல் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். 1948-இலேயே பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில், பொத்தானை அழுத்தினால் உலோக நாக்கு மீட்டப்பட்டு ஒலி எழுப்பும் தொலைபேசிகள் சோதித்துப் பார்க்கப்பட்டன. மீட்டிய ஒலி எழுந்தவுடன் தேயத் தொடங்கும். நிலையான ஒலியை எழுப்ப ஓர் அலையியற்றி வேண்டும். அன்று அதற்கு வெற்றிடக் குழாய் தேவைப்பட்டது; அதை எரியவைக்கும் மின்சாரம் தொலைபேசிக் கம்பியில் வருவதில்லை. அதே ஆய்வகத்தில் 1947 டிசம்பரில் பிறந்த டிரான்சிஸ்டர் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. கம்பியில் வரும் சிறு மின்னோட்டத்திலேயே இயங்கும் ஒற்றை டிரான்சிஸ்டர், ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்பப் போதுமானதாக இருந்தது.

இரண்டு ஒலிகள் எதற்கு? ஒற்றைச் சுருதியை யாரும் சீழ்க்கையடித்தே உண்டாக்கிவிடலாம். பக்கத்தில் பாடும் வானொலிகூட இணைப்பகத்தை ஏமாற்றிவிடும். ஆகவே கட்டத்தின் ஒவ்வொரு கிடைவரிசைக்கும் ஒரு தாழ்ந்த அதிர்வெண், ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் ஓர் உயர்ந்த அதிர்வெண் என்று பிரித்தார்கள். கிடைவரிசைகளுக்கு 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். செங்குத்து வரிசைகளுக்கு 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். 5-ஐ அழுத்தினால் 770-உம் 1336-உம் சேர்ந்து ஒலிக்கும். அடுத்தடுத்த அதிர்வெண்களுக்கு இடையிலான விகிதம் ஏறத்தாழ 21-க்கு 19. காதுக்கு இனிமையான இசை இடைவெளிகளை வேண்டுமென்றே தவிர்த்த விகிதம் இது. ஒன்று மற்றொன்றின் மடங்காகாது. இரண்டின் கூட்டலோ கழித்தலோ மூன்றாவதோடு மோதாது. இனிமையான ஒலிகளில் மேற்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். இங்கே அப்படி விழுந்தால் எண் தவறிவிடும். தொலைபேசிப் பொத்தான்களில் பாட்டு வாசிக்க முயன்ற எவருக்கும் சுருதி சேராமல் போனதற்குக் காரணம் இதுவே. பொத்தான் அழுந்தியிருக்கும் நேரத்தில் பேசும் வாய்க்குழலின் இணைப்புத் துண்டிக்கப்படும்படியும், காதில் கேட்கும் ஒலி மட்டுப்படும்படியும் கருவிக்குள்ளேயே ஏற்பாடு செய்யப்பட்டது.

1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவின் கார்னெகி, கிரீன்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் இந்தச் சேவை வணிக முறையில் தொடங்கியது. முதலில் வந்த கருவியில் பத்துப் பொத்தான்களே இருந்தன; 0-வுக்கு இரு பக்கமும் வெற்றிடம். நட்சத்திரக் குறியும் ஹேஷ் குறியும் 1968-இல் வந்த 12 பொத்தான் கருவியில்தான் சேர்ந்தன. மக்கள் கணினிகளோடு தொலைபேசி வழியாகப் பேசப்போகிறார்கள், அதற்கு எண் அல்லாத குறிகள் தேவைப்படும் என்ற எதிர்பார்ப்பில் வைக்கப்பட்டவை அவை. வங்கியை அழைத்தால் “ஒன்றை அழுத்தவும்” என்று கேட்கும் பதிவுக் குரல் அந்த எதிர்பார்ப்பின் நேரடி வாரிசு.

குரல் போகும் பாதையிலேயே கட்டளையையும் அனுப்புவதில் ஓர் ஓட்டை உண்டு. அதே காலத்து அமெரிக்க நெடுந்தொலைவுக் கம்பிகளில், பாதை காலியாக இருப்பதைக் குறிக்க 2600 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலி பயன்பட்டது. இணைப்பகங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் அதிர்வெண்களை ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சொந்த ஆய்விதழே விரிவாக வெளியிட்டிருந்தது. 1960களில், காலை உணவுத் தானியப் பெட்டியோடு இலவசமாக வந்த பொம்மை விசில் ஒன்று சரியாக அந்த ஒலியை எழுப்பி இணைப்பகத்தை ஏமாற்றுகிறது என்று சிலர் கண்டுபிடித்தார்கள். பார்வையற்ற இளைஞர் ஒருவர் விசில்கூட இல்லாமல் உதட்டாலேயே அதைச் சாதித்தார். சந்தாதாரரின் பொத்தானுக்கு இரட்டை ஒலி என்ற காப்பு வைத்த அதே நிறுவனம், தன் நெடுந்தொலைவுப் பாதைக்கு ஒற்றை ஒலியை நம்பியிருந்தது. 1976 முதல் கட்டளைகளைத் தனிப் பாதைக்கு மாற்றத் தொடங்கிய பிறகே அந்த ஓட்டை படிப்படியாக அடைபட்டது.

எஞ்சியிருப்பவை

இன்றைய கைபேசியில் எண்ணை அழுத்தும்போது கேட்கும் ஒலி எங்கும் போவதில்லை. அது பயனரின் காதுக்காக மட்டுமே எழுப்பப்படுகிறது. எண்கள் திரையில் சேர்ந்து, பச்சைப் பொத்தானை அழுத்தியதும் ஒரே தொகுதியாக எண்ம வடிவில் செல்கின்றன. ரிசீவரை எடுத்ததும் கேட்ட டயல் டோன் என்ற தொடர் ஒலியும் இதனால் தேவையற்றுப் போயிற்று: பயனர் யோசித்து யோசித்து அழுத்தும் நேரமெல்லாம் வானொலி அலைவரிசை ஒன்றைப் பிடித்து வைத்திருப்பது வீண் என்பதால், எண் முழுமையான பிறகே அலைவரிசையைக் கேட்கும் முறை வந்தது. அழைப்பின் நடுவே பொத்தானை அழுத்தினால் நடப்பது இன்னும் விசித்திரமானது. ஜிஎஸ்எம் என்ற எண்ம முறையில் இயங்கும் கைபேசி அப்போது ஒலியை அனுப்புவதில்லை, ஏனென்றால் பேச்சைச் சுருக்கும் முறை அந்த ஒலியைச் சிதைத்துவிடும். “இந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது” என்ற செய்தியை மட்டும் அது வலையமைப்புக்கு அனுப்புகிறது. வலையமைப்பு அந்தச் செய்தியைப் படித்து, 770-ஐயும் 1336-ஐயும் தானே உண்டாக்கி மறுமுனைக்குத் தருகிறது. இணையவழி அழைப்புகளிலும் ஏறத்தாழ இதே வேலைதான் நடக்கிறது.

மேலே சொன்ன அதிர்வெண் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது: 1633 ஹெர்ட்ஸ். அது நான்காவது செங்குத்து வரிசைக்கு உரியது. அமெரிக்க இராணுவத்தின் தனித் தொலைபேசி வலையில் அந்த வரிசையின் நான்கு பொத்தான்களும் அழைப்பின் முன்னுரிமையைக் குறித்தன. உச்ச முன்னுரிமைப் பொத்தானை அழுத்தினால் பாதையை அடைத்துக்கொண்டிருக்கும் மற்றவர்களின் அழைப்புகள் அறுந்துபோகும். பொதுமக்களின் கருவிகளில் அந்த வரிசை இடம்பெறவே இல்லை. ஆயினும் தரநிலை 16 குறிகளுக்கும் எழுதப்பட்டிருப்பதால், இந்த ஒலிகளைப் பிரித்தறியும் சில்லுகள் இன்றும் 16-ஐயும் அறிந்துகொள்கின்றன. அமெச்சூர் வானொலிக்காரர்கள் தங்கள் மறுஒலிபரப்பு நிலையங்களைத் தொலைவிலிருந்து இயக்க அந்த நான்காவது வரிசையைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.